ஓட்டையை மேலே வைக்க ஒரு விண்ணப்பம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. மின்விசிறிக் காற்று வேண்டுமென்பவர்கள் அந்தப் பக்கம், கதை வேண்டுமென்பவர்கள் இந்தப் பக்கம். இன்றைக்கு ஒரு பெட்டியின் கதை சொல்லப் போகிறேன். பெட்டியில் ஒரு ஓட்டை. ஓட்டை கீழே இருந்தது, மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் கதை. முடிந்துவிட்டதே என்று எழுந்துவிடாதீர்கள். அந்த ஓட்டை அரைச் சாண் தூரம் மேலே ஏறுவதற்கு எத்தனை நாள் ஆயிற்று, வழியில் யாரை மிதித்துக்கொண்டு ஏறிற்று என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பட்டினப்பாக்கத்தில் ஜெனிதா என்று ஒருத்தி. அன்னக்கூடையில் மீன் சுமந்துபோய் மந்தைவெளித் தெருக்களில் விற்பவள். அவள் புருஷன் ஜான், ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவன். அவனோடு படகில் போகிறவன் மாசிலாமணி. ஜானுக்குத் தம்பி மாதிரி.

ஆனி மாதத்தில் கோட்டூர்புரத்திலிருந்து ஒரு நிறுவனத்தார் குப்பத்துக்கு வந்தார்கள். 'அனைவர்க்கும் திறந்த வடிவமைப்பு அறக்கட்டளை' என்று பெயர். படகுக்கொரு பெட்டியாகத் தொண்ணூறு பெட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்டியின் பெயர் கரைக்குரல். கடலில் ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தன் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லிக் கூப்பிடும். அறக்கட்டளை அலுவலகத்தில் கேட்பறை என்று ஒன்று. அங்கே திரையில் ஒரு புள்ளி மின்னும். உடனே கடலோரக் காவலுக்குத் தகவல் போகும்.

அறக்கட்டளைத் தலைவர் சுப்பராமன் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னார்: "இதன் வரைபடத்தை யாரும் பார்க்கலாம். யாரும் செய்யலாம். யாரும் திருத்தலாம். இது எங்கள் பெட்டி அல்ல. உங்கள் பெட்டி. உலகத்தின் பெட்டி."

எல்லோரும் கைதட்டினார்கள். உலகத்தின் பெட்டிக்கு அவர் எதற்கு ஏழு இடத்தில் கையெழுத்து வாங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

பெட்டியின் அடிப்பக்கத்தில் ஏரியல் கம்பி வெளியே வர ஓர் ஓட்டை. படகின் தரையில் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் கிடக்கும். இது கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், கடற்கரைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாது. ஆடி முடிவதற்குள் ஜானின் பெட்டி செத்துப்போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே உப்பு பூத்திருந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் செத்தது.

"இன்னா டிசைன் இது? தண்ணி மொள்ற சொம்புக்கு அடியில ஓட்ட போட்ட மாதிரி கீது," என்றான் ஜான். "ஓட்டய மேல வச்சா முடிஞ்சிச்சு."

"மழை பூந்துக்குமே?" என்றாள் ஜெனிதா.

"டார்ச்சுக்குக் கட்ற மாதிரி சைக்கிள் டியூப்ப சுத்திடு அக்கா," என்றான் மாசிலாமணி.

ஜெனிதா பெட்டியை அன்னக்கூடையில் வைத்து சிந்தாதிரிப்பேட்டைக்கு எடுத்துப் போனாள். அங்கே ஷரஃபுதீன் பாய் நாற்பது வருஷமாக ரேடியோ பழுது பார்க்கிறவர். அவர் உள்ளே பூத்த உப்பைச் சுரண்டிப் பெட்டிக்கு உயிர் கொடுத்தார், கீழ் ஓட்டையை அடைத்தார், மேலே ஒன்று போட்டார், டியூபைச் சுற்றிக் கட்டினார். ஜெனிதா வீட்டுக்கு வந்து அதை ஒரு நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். பெட்டி பச்சை விளக்கோடு மினுக்மினுக்கென்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தால் வாடைக் காற்று. அதற்குள் தொண்ணூறு பெட்டிக்கும் ஓட்டை மேலே போக வேண்டும். உலகத்தின் பெட்டி ஆயிற்றே, சொன்னால் செய்யப்போகிறார்கள் என்று ஜெனிதா ஆவணி முதல் வாரத்தில் கோட்டூர்புரம் போனாள்.

சுப்பராமன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அம்மா, பத்து வருஷமாக இந்த அறையில் சமூகத்தின் பங்களிப்புக்காகக் காத்திருக்கிறேன். இன்றுதான் சமூகம் வந்திருக்கிறது!"

சமூகம், மீன் கூடையை எங்கே வைப்பது என்று கேட்டது. வெளியே வைக்கச் சொன்னார்கள்.

"ஓட்டய மேல வைக்கணும் சார்," என்றாள் ஜெனிதா.

"பிரமாதம்! எழுதிக் கொடுங்கள்."

"அதான் சொல்றனே சார்."

"சொன்னால் அது கருத்து. எழுதினால் முன்மொழிவு. படிவத்தில் எழுதினால்தான் பங்களிப்பு."

பக்கத்தில் நின்றவள் விஜயலக்ஷ்மி, உரிமங்களுக்கான அலுவலர். கழுத்தில் அட்டை தொங்க, பங்களிப்புக் கொள்கை என்ற புத்தகத்தை நீட்டினாள். அறுபத்து நான்கு பக்கம். முதல் பக்கத்தில் 'பங்களிப்பது எளிது' என்று இருந்தது. மிச்சம் அறுபத்து மூன்று பக்கமும் அந்த எளிமையின் விளக்கம்.

ஷரஃபுதீன் பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். பத்து நாளில் பதில் வந்தது. ஒரு முன்மொழிவில் ஒரு மாற்றம்தான் இருக்கலாமாம். ஓட்டையை மேலே வைப்பது இரண்டு மாற்றம்: பழைய ஓட்டையை அடைப்பது ஒன்று, புது ஓட்டை போடுவது ஒன்று. பிரித்து அனுப்பினார்கள். அடைக்கும் முன்மொழிவு ஒரு குழுவுக்கும் போடும் முன்மொழிவு இன்னொரு குழுவுக்கும் போயிற்று. முதல் குழு, ஓட்டையே இல்லாவிட்டால் கம்பி எப்படி வெளியே வரும் என்று கேட்டது. இரண்டாம் குழு, ஒரு பெட்டிக்கு இரண்டு ஓட்டை எதற்கு என்று கேட்டது. இரண்டும் நியாயமான கேள்விகள். நியாயமாகவே மூன்று வாரம் போயிற்று.

புரட்டாசியில் விஜயலக்ஷ்மி ஜெனிதாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மூலச் சான்றிதழ் வேண்டும். இந்த யோசனை யாருடையது, பிறர் சொத்தைத் திருடியது இல்லையே என்று உறுதிமொழி.

"இது உங்கள் சொந்த யோசனைதானே மேடம்? ஆமாம் என்று மட்டும் எழுதினால் போதும்."

இங்கேதான் கண்ணுகளா, அந்தப் பெண் தப்புப் பண்ணினாள். மீன் விற்கிறவள், நேற்றுப் பிடித்த மீனை இன்று பிடித்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"என்து இல்ல மேடம். ஓட்டய மேல வைன்னு சொன்னது எங்க வூட்டுக்காரு. டியூப் கட்டச் சொன்னது மாசிலாமணி. ஓட்ட போட்டது பாய்."

"மாசிலாமணிக்கு டியூப் யோசனை எங்கிருந்து வந்தது?"

"எங்க குப்பத்துல டார்ச்சுக்கு எல்லாரும் அப்டித்தான மேடம் கட்டுவாங்க!"

விஜயலக்ஷ்மி பேனாவை மூடினாள். "எல்லாரும் என்றால் எத்தனை பேர்?"

நானூற்றுப் பன்னிரண்டு பேர். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஜெனிதா வீடு வீடாகப் போனாள். "எம்மா, ஓட்டைக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? அத்த நானா போட்டேன்?" என்று பக்கத்து வீட்டுச் சுப்பம்மா சண்டைக்கே வந்துவிட்டாள். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்தின் ரேகைக் கருவியில் விரல் வைக்க வேண்டும். ஜான் வைத்தான். கயிறு இழுத்து இழுத்து வழவழவென்று ஆகிப்போன விரல். 'இப்படி ஒரு நபர் இல்லை' என்றது கருவி.

"நான் இல்லியாம்டி," என்று ஜான் வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "அப்போ இந்தக் கொழம்பு யாருக்கு?"

ஷரஃபுதீன் பாய் சிரிக்கவில்லை. "ஒரு பொய் சொல்லியிருந்தா ஒரு கையெழுத்தோட போயிருக்கும்மா. உண்மையச் சொல்லி ஊரையே மாட்டி வுட்டுட்டியே," என்றார்.

கையெழுத்துகள் போய்ச் சேர்ந்ததும், நானூறு பேர் அறிந்தது தனி யோசனை அல்ல, பாரம்பரிய அறிவு என்று முடிவாயிற்று. பாரம்பரிய அறிவை வேறொருவர் கவர்ந்துவிடாமல் காப்பது அறக்கட்டளையின் கடமை. காப்பதற்கு ஒரு குழு அமைக்கும்வரை அதைப் பெட்டியில் பயன்படுத்தக் கூடாது. டார்ச்சில் கட்டிக்கொள்ளலாம், அதற்கு ஆட்சேபம் இல்லை.

நடுவில் தி.நகரில் ஒரு மண்டபத்தில் 'திறந்த உலகம்' என்று விழா. ஜெனிதாவை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "ஓட்டய மேல வைங்க. வாட வருது," என்றாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டிற்று. அடுத்து சுப்பராமன் பேசினார். அவர் பேசியதை அப்படியே சொல்கிறேன், ஒன்றையும் கூட்டவில்லை.

"நண்பர்களே, ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்று மக்களுக்கு உத்தரவிட நாம் யார்? அந்த அதிகாரம் எந்தத் தனி மனிதரிடமும் இருக்கக் கூடாது. அதனால்தான் அதை எங்களிடம் வைத்திருக்கிறோம். ஒரு நிறுவனம் அவசரப்பட்டு ஓட்டையை மாற்றிவிடலாம். நாங்கள் மாற்றமாட்டோம். இதுவரை எங்களுக்கு ஆயிரத்து எழுநூறு திருத்தங்கள் வந்திருக்கின்றன. ஒன்றைக்கூட ஏற்காமல், ஒன்றைக்கூட இழக்காமல் பாதுகாத்து வருகிறோம். சுதந்திரம் என்பது, நண்பர்களே, பாதுகாக்கப்பட வேண்டியது. பயன்படுத்தினால் தேய்ந்துவிடும்."

இதற்கும் கைதட்டினார்கள்.

"சால்வ போத்திக்கினு வந்துட்ட. ஓட்ட மேல போச்சா?" என்றான் ஜான்.

மறுநாள் ஜெனிதா நேராகப் போய்க் கேட்டாள். "சார், நீங்க மாத்த வேணாம். எங்க பெட்டிய நாங்களே மாத்திக்கினா தப்பா?"

சுப்பராமன் முகம் மலர்ந்தது. "தப்பா? அது உங்கள் பிறப்புரிமை! எங்கள் உரிமத்தின் ஆன்மாவே அதுதான். தாராளமாக மாற்றுங்கள். ஆனால் மாற்றிய பெட்டி கரைக்குரல் அல்ல. அந்தப் பெயரைச் சொல்லி அது கூப்பிடக் கூடாது."

"பேர் சொல்லாம கூப்ட்டா வருவீங்களா சார்?"

"கரைக்குரல் கூப்பிட்டால் கடலோரக் காவலுக்குச் சொல்வது எங்கள் பொறுப்பு. வேறு பெட்டி கூப்பிட்டால் குறித்துக்கொள்வோம். நடவடிக்கை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. பிறர் சுதந்திரத்தில் தலையிடமாட்டோம்."

ஜானின் பெட்டி ஏற்கனவே மாற்றியது என்று அப்போது ஜெனிதா தானாகவே சொன்னாள். இரண்டு மாதமாக ஒரு முடிவும் வராத அலுவலகத்திலிருந்து மறுநாள் காலை ஏழு மணிக்கே வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி, மரியாதையாகக் கும்பிட்டு, பெட்டியைத் திறந்து, அதன் அழைப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, மேலே ஒட்டியிருந்த தாளையும் சுரண்டிக்கொண்டு போனார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை. அவ்வளவு பக்குவமான வேலை.

இப்போது குப்பத்தில் இரண்டு வகைப் பெட்டி. எண்பத்தொன்பது படகில் கீழ் ஓட்டைப் பெட்டி: கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் தண்ணீர் புகுந்து வாய் அடைத்துப்போகும். ஒரு படகில் மேல் ஓட்டைப் பெட்டி: கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், வரமாட்டார்கள்.

"பாய்கிட்ட சொல்லிப் பழையபடி கீழயே ஓட்ட போட்டுறலாமாய்யா?" என்று ஜெனிதா கேட்டாள். வாடை தொடங்கி மூன்றாம் நாள்.

ஜான் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். "செத்த பெட்டிய வச்சிக்கினு இன்னா பண்றது? இது கத்தவாவது கத்தும்."

"கத்தினா வரமாட்டாங்களாமே."

"அட, அது கொள்கை. பேப்பர்ல எழுதினது. அந்த ரூம்ல மனுசன்தான உக்காந்துகினு கீறான்? ஒருத்தன் கத்திக்கினே இருந்தா எந்த மனுசன்டி கேட்டுக்கினே இருப்பான்?"

அந்தக் கொள்கையை அவன் படித்ததில்லை. மனிதர்களைத்தான் படித்திருந்தான். அதில்தான் தவறிவிட்டான்.

ஐப்பசி எட்டாம் தேதி விடியலில் ஜானும் மாசிலாமணியும் கடலுக்குப் போனார்கள். ஒன்பது மணிக்கே வானம் கறுத்துவிட்டது. மற்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. ஜான் படகு வரவில்லை. கடலோரக் காவலில் போய் அழுதாள் ஜெனிதா. "எந்தப் பக்கம் போனார்கள் என்று இடத்தைச் சொல்லம்மா, கப்பல் தயாராக இருக்கிறது," என்றார்கள். இடம் தெரிந்தது ஒரே அறைக்குத்தான். ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் வந்தாள். அப்போது மணி மூன்று.

கேட்பறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி, மின்னி மின்னி அடங்கியது.

"அது எங்க பெட்டிதான சார்? எங்க கீறாருன்னு சொல்லுங்க சார், படகு எட்த்துக்கினு நாங்களே போறோம்!"

சுப்பராமன் எழுந்து திரையை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அம்மா, பெயர் இல்லாத பெட்டியின் இருப்பிடம் அதை வைத்திருப்பவரின் தனிப்பட்ட தகவல். அவர் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நபரிடம் சொல்ல முடியாது."

"நான் மூணாவது ஆளா சார்? பொண்டாட்டி!"

"புரிகிறது. அவர் ஒரு சம்மதம் தெரிவித்தால்..."

"அவருதான் சார் கத்திக்கினு கீறாரு!"

"அது அழைப்பு அம்மா. சம்மதம் வேறு படிவம்."

பெட்டி இன்னொரு தரம் கூப்பிட்டது. உள்ளே இருந்தவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

ஜெனிதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். ஐந்து மணிக்கு அலுவலகம் முடிந்தது. வாசலுக்கு வந்த விஜயலக்ஷ்மி கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். ஜெனிதாவின் உள்ளங்கையில் ஒரு சீட்டைத் திணித்தாள். அதில் இடத்தின் எண்கள்.

"ஓடுங்கோ. இப்போ நான் ஆபீஸ் இல்லைம்மா. ஆத்துக்குப் போயிண்டிருக்கேன். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ."

"மூணு மணிக்கே கொட்த்துருக்கலாமேம்மா," என்றாள் ஜெனிதா. கோபமாகக்கூட இல்லை, கேட்கத்தான் கேட்டாள்.

மூன்று மணிக்கு விஜயலக்ஷ்மி அலுவலகமாக இருந்தாள்.

காவல் கப்பல் போயிற்று, குப்பத்துப் படகு நான்கும் போயிற்று. இருட்டிய பிறகு டீசல் கேனில் கட்டியபடி மாசிலாமணியை எடுத்தார்கள். கேனின் தலைமாட்டில் பெட்டி, பச்சை விளக்கோடு. ஜானை எடுக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அப்புறமும் இல்லை.

"படகு கவுந்ததும் அண்ணன்தான் என்னக் கேன்ல கட்டிச்சு," என்றான் மாசிலாமணி, பேச்சு வந்த பிறகு. "நாலு மணி வரிக்கும் கேனப் புட்ச்சிக்கினு இர்ந்துச்சு. 'பெட்டி கத்துதுடா, கேட்டுக்கினு கீறாங்க, வருவாங்க'ன்னு சொல்லிக்கினே இர்ந்துச்சு அக்கா."

பதினாறாம் நாள் முடிந்து, சுப்பராமனும் விஜயலக்ஷ்மியும் குப்பத்துக்கு வந்தார்கள். மாலை கொண்டுவந்தார்கள். ஒரு கோப்பும் கொண்டுவந்தார்கள். சுப்பராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய்யாக இல்லை, அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. துடைத்தபின் பேசினார்.

"அம்மா, ஒரு நல்ல செய்தி. தங்கள் திருத்தத்தைக் குழு ஏற்றுக்கொண்டது. எங்களிடம் இல்லாதிருந்தது நேரடிக் கடல் சோதனை ஒன்றுதான். அன்றைக்குப் பெட்டி நாற்பத்தொரு முறை அழைத்திருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. எங்கள் வரலாற்றிலேயே இப்படி ஒரு சோதனை நடந்ததில்லை. ஊழியர்கள் நாற்பத்தொன்றையும் நேரம் பிசகாமல் குறித்திருக்கிறார்கள். அறிக்கையை உலகம் முழுவதற்கும் திறந்து வைக்கிறோம். இனி வரும் எல்லாப் பெட்டியிலும் ஓட்டை மேலேதான். தங்கள் கணவரின் ரேகை பதியாமல் ஒரு சிக்கல் இருந்தது. அதுவும் இப்போது தீர்ந்துவிட்டது. வாரிசு கையெழுத்துப் போட்டால் போதும்."

விஜயலக்ஷ்மி கோப்பைப் பிரித்து வைத்தாள். அட்டை கழுத்தில் இருந்தது. தலை நிமிரவில்லை.

"போடாத அக்கா," என்றான் மாசிலாமணி. "கிழிச்சி மூஞ்சில வுட்டெறி."

சுப்பம்மாவும் அதையேதான் சொன்னாள், இன்னும் நல்ல வார்த்தையில்.

ஜெனிதா வெளியே பார்த்தாள். மணலில் வரிசையாக எண்பத்தொன்பது படகு. மழை விட்டிருந்தது, விடிந்தால் போவார்கள். எண்பத்தொன்பது பெட்டியிலும் ஓட்டை கீழே.

"எங்க போடணும்?" என்றாள்.

பதினோரு இடத்தில் போட வேண்டியிருந்தது. போட்டாள். சுப்பராமன் கோப்பை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதுதான் திறந்த உலகம்," என்றார். புதுப் பெட்டிகள் தையில் வரும் என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டில் உலை கொதிக்கட்டும். காலையில் வெளியே போனவர்கள் சோறு ஆறுவதற்குள் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் யார் எந்த மூலையிலிருந்து கூப்பிட்டாலும், 'கூப்பிடுவது யார், என்ன பேர்' என்று கேட்காமல் போட்டது போட்டபடி ஓடிவருகிற கால்கள் அந்த வீட்டில் என்றைக்கும் இருக்கட்டும்.